கடல் ஏறும் நேரம் பார்த்துப் போக வேண்டிய கோயில்

ஈரோட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் பழக்கமில்லாதது. ராமேசுவரத்துக்கோ திருச்செந்தூருக்கோ போய்வரும்போது பார்க்கிற கடல், காலையில் எந்த இடத்தில் நின்றதோ ஏறத்தாழ அதே இடத்தில்தான் மாலையிலும் நிற்கும். தமிழ்நாட்டுக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் நம் கண்ணில் படுவதில்லை. ஆகையால் ஜப்பானில் ஹிரோஷிமாவை அடுத்த மியாஜிமா தீவுக்கு, கடலில் மிதப்பதாகப் படங்களில் பார்த்த இட்சுகுஷிமா என்னும், ஜப்பானியரின் பழஞ்சமயமான ஷிந்தோவின் கோயிலைக் காணப் புறப்பட்டபோது, நாங்கள் போகிற நேரத்தில் அங்கே தண்ணீர் இருக்குமா என்று யாரையும் கேட்க வேண்டும் என எங்களுக்குத் தோன்றவில்லை. பணம் வாங்கிக்கொண்டு எங்களை அழைத்துச் சென்ற எங்கள் பகுதிப் பயண நிறுவனத்துக்கு அது தோன்றியிருக்க வேண்டும். அவர்களுக்கும் தோன்றவில்லை.

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய நாள். அம்மா, மனைவி, மகள், நான் என நால்வர், இருபது பேர் கொண்ட குழுவோடு கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒசாகா போய், அங்கிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் ஹிரோஷிமாவை அடைந்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு எங்களைத் தீவில் இறக்கி, ஐந்து மணிப் படகுக்குத் திரும்பிவிடும்படி சொன்னார்கள். படகுத்துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்து வளைவைத் திரும்பினால், சிவப்பு நிறக் கோயில் ஈர மண்ணில் கால்களை ஊன்றி நின்றது. எதிரே கடலுக்குள் நிற்க வேண்டிய பெரிய வாசலைச் சுற்றி ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இருந்த நீலத் தண்ணீரையும் அதில் விழுந்த சிவப்பு நிழலையும் வீட்டில் ஒரு மாதமாகப் பார்த்து வைத்திருந்த அம்மா, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “ஏஞ் சாமி, தண்ணியவே காணோம்?” என்று கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வழிகாட்டியாக வந்த ஜப்பானிய இளைஞர்தான் தன் கைப்பேசியில் ஓத அட்டவணையைத் திறந்து விளக்கினார். இந்த உள்நாட்டுக் கடலில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நான்கு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் அந்த நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டுமே குறைவு. இதுவரை பஞ்சாங்கத்தில் விரதத்துக்கும் தர்ப்பணத்துக்கும் மட்டுமே பார்த்துவந்த திதி, இங்கே கோயிலின் காட்சியையே தீர்மானிக்கிறது. அட்டவணையில் நீர்மட்டம் சென்டிமீட்டரில் இருக்கும். 250ஐத் தாண்டினால் கோயில் தண்ணீரில் மிதப்பதுபோலத் தெரியும். 100க்குக் கீழே போனால் அந்த வாசல்வரை மண்ணில் நடந்தே போகலாம். பவானிசாகர் அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டுத்தான் வேறு பக்கத்தைப் புரட்டுகிற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த வட்டாரத்தில் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏறத்தாழ காலை ஒன்பது, பத்து மணிக்கும் இரவு ஒன்பது, பத்து மணிக்கும் தண்ணீர் நிறைகிறது. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு அடியோடு வற்றிவிடுகிறது. அதாவது, கோயிலைத் தண்ணீரில்லாமல் பார்க்க எது மிகச் சரியான நேரமோ, அந்த நேரத்துக்கே எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

அங்கேயே ஒரு முடிவு எடுத்தோம். ஹிரோஷிமாவில் எங்களுக்காக அறை போட்டிருந்தது. அந்தப் பணம் போனால் போகட்டும் என்று, இரவு தீவிலேயே தங்கி மறுநாள் நண்பகலில் ஹிரோஷிமா ரயில் நிலையத்தில் குழுவோடு சேர்ந்துகொள்வதாகச் சொன்னோம். வழிகாட்டி நாலைந்து இடங்களுக்குப் பேசி ஒரு பாரம்பரிய விடுதியில் அறை பிடித்துக் கொடுத்தார். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு நால்வருக்கும் நம் பணத்தில் ஏறத்தாழ 45,000 ரூபாய் ஆனது. சிறு தொகை அல்ல. ஆனாலும் அந்தப் பயணத்தில் நாங்கள் செலவழித்ததிலேயே மனம் நிறையச் செலவழித்தது அதுதான்.

குழு திரும்பிப் போன பிறகு, வற்றிய மண்ணில் அந்த வாசலை நோக்கி நடந்தோம். இதற்குத் தோரி என்று பெயர். எந்த ஷிந்தோ கோயிலின் முன்னாலும் நிற்கிற, கதவில்லாத வாசல் நிலை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மரத்தோடு வாழ்கிறது. தாத்தா தச்சர், அப்பா மரக்கடை வைத்தார், இப்போது நான் நடத்துகிறேன். ஆகவே தண்ணீர் இல்லாததால் மற்றவர்கள் இழந்ததைவிட எனக்குக் கிடைத்தது அதிகம் என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த நிலையின் காலடியைத் தொட்டுப் பார்க்க வேறு வழியே கிடையாது.

இப்போது நிற்கும் தோரி 1875இல் எழுப்பப்பட்டது. உயரம் ஏறத்தாழ 16.6 மீட்டர், எடை ஏறத்தாழ 60 டன். இரண்டு பெரிய தூண்களும் கற்பூர மரம். சுற்றளவு பத்து மீட்டருக்குச் சற்றே குறைவு. இழைத்து உருட்டி எடுத்த தூண்கள் அல்ல; மரம் எப்படி வளர்ந்ததோ அந்த முடிச்சும் புடைப்புமாக அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெரிய தூணுக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு சிறு தூண்கள், அவற்றைப் பெரியதோடு பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள் என மொத்தம் ஆறு கால்கள். இவற்றில் ஒன்றுகூட மண்ணுக்குள் புதைக்கப்படவில்லை என்பதை நான் நேரில் பார்த்த பிறகே நம்பினேன். கடலடியில் பைன் மர முளைகளை நெருக்கமாக அடித்து, அதன்மேல் கல் பரப்பி, அதற்குமேல் தூணை வெறுமனே நிறுத்தியிருக்கிறார்கள். புயலில் சாயாமல் காப்பது அதன் சொந்த எடை. அந்த எடை போதாதென்று, மேலே உள்ள உத்தரத்தைப் பெட்டிபோல உள்ளீடாகச் செய்து, அதில் கைக்கு அடங்கும் கற்களை ஏறத்தாழ ஏழு டன் அளவுக்கு நிரப்பியிருக்கிறார்கள்.

கற்பூர மரத்தைப் பூச்சி எளிதில் அண்டாது, நீரிலும் தாங்கும். நம் கோயில்களில் ஏற்றுகிற சூடம் ஒரு காலத்தில் இந்த மரத்தைக் காய்ச்சி வடித்துத்தான் கிடைத்தது. அப்படி வடித்த சூடத்தை உலகச் சந்தைக்கு அதிகமாக அனுப்பிய இடங்கள் ஜப்பானும் தைவானும். இன்று நாம் வாங்குவது டர்பன்டைனிலிருந்து செய்யப்படுவது. இதை அம்மாவிடம் சொன்னதும், தூணில் வலது உள்ளங்கையை வைத்து அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு ஆள் உயரத்துக்கு மேல் வரை தூணில் கடற்சிப்பிகள் ஒட்டி வெள்ளையாகப் படிந்திருந்தன. இரவில் தண்ணீர் எங்கே வரப்போகிறது என்பதற்கு அவையே கோடு. அந்த வெள்ளைக் கோட்டை நிமிர்ந்து பார்த்தபோதுதான், நாங்கள் நின்றுகொண்டிருந்த இடம் கடலடி என்பது உறைத்தது.

இங்கே ஒரு வேண்டுகோள். தூணின் வெடிப்புகளில் நாணயங்களைச் செருகிவிட்டு வேண்டிக்கொள்ளும் பழக்கம் பார்வையாளர்களிடம் பரவியிருக்கிறது. அது மரத்தைக் கெடுக்கிறது என்பதால் செய்ய வேண்டாம் என்று கோயிலார் கேட்டுக்கொள்கிறார்கள். 2019இல் தொடங்கி 2022 இறுதிவரை இந்தத் தோரியைச் சுற்றிச் சாரம் கட்டி, அழுகிய பகுதிகளை நீக்கி, மீண்டும் வண்ணம் பூசி முடித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் சுவர்களில் காசு ஒட்ட வைத்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் இங்கே கையைக் கட்டுப்படுத்திக்கொள்வது நல்லது.

தண்ணீருக்குள் ஏன் கோயில் கட்டினார்கள் என்பதற்கு அங்கே சொல்லப்படும் காரணம் நமக்கு எளிதாகவே பிடிபடும். தீவே தெய்வம். வெள்ளியங்கிரியில் மலையையே ஆண்டவனாக வைத்து ஏறுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெய்வத்தின் உடம்பில் கடப்பாரை போடக்கூடாது என்று, மண்ணைத் தோண்டாமல், மரத்தை வெட்டாமல், அலை வந்து போகிற விளிம்பில் கோயிலை அமைத்தார்கள். முற்காலத்தில் பேறுகாலம் நெருங்கிய பெண்களையும் இறக்கும் தறுவாயில் இருந்தவர்களையும் எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இன்றும் அந்தத் தீவில் இடுகாடு கிடையாது. கோயில் 593இல் தொடங்கியது என்பது மரபு. இன்று காண்கிற விரிந்த அமைப்பை 1168இல் உருவாக்கியவர் தைரா நோ கியோமோரி என்ற போர்த்தலைவர். பிறகு பல முறை எரிந்தும் புயலில் சிதைந்தும் கட்டப்பட்டிருந்தாலும், அவர் காலத்து வடிவத்தை விடாமல் வந்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 1996இல் இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இரவு ஒன்பது மணிக்கு விடுதியிலிருந்து நடந்து வந்தோம். பகலில் தோளோடு தோள் உரசிய தெருவில் பத்துப் பேர்கூட இல்லை. நாங்கள் மாலையில் நடந்த மண் முழுதும் நீருக்குள் போயிருந்தது. தோரிக்கு விளக்கு போட்டிருந்தார்கள். அதன் பின்னால் பௌர்ணமி நிலா. உத்தரத்தின் கிழக்கு முனையில் சூரியனும் மேற்கு முனையில் பிறையும் பொறித்திருப்பதை மகள்தான் காட்டினாள். அம்மா கரைச் சுவரின்மேல் உட்கார்ந்து, எதுவும் பேசாமல், பவானிக் கூடுதுறையில் முழுக்குப் போடும் முன் நிற்கிறபோது வைத்துக்கொள்கிற முகத்தோடு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் இரவில் பூட்டியிருக்கும். கரையிலிருந்துதான் பார்க்க முடியும். தீவில் தங்க வசதிப்படாதவர்கள் இந்தக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டுக் கடைசிப் படகில் திரும்பிவிடலாம். இரவு பத்து மணிக்குப் பிறகும் படகு இருக்கிறது.

காலையில் கோயில் 6:30 மணிக்குத் திறக்கிறது. பெரியவர்களுக்குக் கட்டணம் 300 யென். நம் பணத்தில் 170 ரூபாய் வரும். திறந்தவுடனே உள்ளே போனோம். அந்நேரம் தோரியைச் சுற்றித் தண்ணீர் வந்துவிட்டது; ஆனால் கோயிலின் கீழே இன்னும் மண் தெரிந்தது. அடுத்த இரண்டு மணி நேரம் நாங்கள் வேறு எங்கும் போகவில்லை. போகாததுதான் சரி.

கடல் அங்கே அலையடித்துக்கொண்டு வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட முதல் நாளில் காய்ந்த வரப்பின் ஓரமாக நுனி நீண்டு வருமே, அப்படி மண்ணின் பள்ளங்களைத் தேடித் தேடி நிரப்பிக்கொண்டு வந்தது. ஒரு சிறு நண்டு தன் வளையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது; சற்று நேரத்தில் அந்த வளையே நீருக்குள் மறைந்தது. எட்டு மணி அளவில் நாங்கள் நின்ற பலகைகளின் அடியில் சலசலப்பு கேட்கத் தொடங்கியது. தரைப் பலகைகளுக்கு இடையே விரல் நுழையாத அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். முதலில் அதை வேலைக் குறை என்றுகூட நினைத்தேன். புயலில் கடல் பொங்கித் தரையை அடியிலிருந்து முட்டும்போது, தண்ணீரும் காற்றும் அந்த இடைவெளிகள் வழியே மேலே வெளியேறி, பலகைகள் பெயராமல் தப்பிக்கத்தான் அந்த ஏற்பாடு. ஒன்பது மணிக்கு அந்த இடைவெளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு வெளிச்சக் கோடு நெளிந்தது. கூரையின் அடிப்பக்கம் முழுக்க நீரின் ஒளி ஆடியது. நடைக்கூடத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 275 மீட்டர். அதைச் சுற்றி வர இருபது நிமிடம் போதும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். நாங்கள் மூன்று மணி நேரம் இருந்தோம்.

நடைக்கூடத்தில் செருப்போடு நடக்கலாம். எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. நுழைவாயிலிலேயே செருப்பைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். வெள்ளை மேலாடையும் வெளிர்நீலக் கீழாடையும் அணிந்த பூசகர் ஒருவர் அதைக் கவனித்து, ஒன்றும் சொல்லாமல், சற்றே குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் நானும் கழற்றிவிட்டேன். பல தலைமுறைகளின் காலடி பட்டுத் தேய்ந்த மரத்தின் வழவழப்பையும், கீழே தண்ணீர் ஏறிய பிறகு பலகையில் இறங்கிய குளிர்ச்சியையும் உள்ளங்காலால் அறிந்தது எங்கள் குடும்பம் மட்டும்தான் என நினைக்கிறேன்.

வழிபாட்டு முறை சுருக்கமானது. முதலில் நீர்த்தொட்டியில் அகப்பையால் மொண்டு இடது கை, பிறகு வலது கை கழுவி, உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் நேராக வாய் வைக்கக் கூடாது. சன்னதியின் முன் பெட்டியில் நாணயம் போட்டு, இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கை தட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். ஐந்து யென் நாணயம் போடுவது விசேஷம். அதன் பெயரும் உறவு, தொடர்பு என்று பொருள்படும் சொல்லும் அவர்கள் மொழியில் ஒரே ஒலிப்பு. கை தட்டுவதை அம்மாவுக்கு விளக்கத் தயங்கினேன். “சண்டிகேசுவரர் சன்னதியில தட்டற மாதிரித்தானுங்களே?” என்று மகளிடம் சொல்லிவிட்டு அவரே தட்டினார். “ஆனா விபூதி குடுக்க மாட்டாங்களா அம்மிணி?” என்பதுதான் அவருடைய ஒரே குறை. தீபாராதனை, தீர்த்தம், பிரசாதம் எதுவும் கிடையாது. மூலவர் உருவம் கண்ணில் படாது. சிலை காணாமல் மனம் நிறையாதவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

அப்படிப்பட்டவர்கள் கோயிலை விட்டு வெளியே வந்ததும் அருகிலேயே இருக்கும் தைகன்ஜி என்ற பௌத்த ஆலயத்துக்குப் போக வேண்டும். இட்சுகுஷிமாவில் வழிபடப்படுவோர் மூன்று தேவியர். அவர்களில் இச்சிகிஷிமா தேவியைப் பல நூற்றாண்டுகளாக பென்சைதென்னாகவே கண்டு வழிபட்டார்கள். பென்சைதென் வேறு யாருமல்ல, பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா வழியாக ஜப்பான் சேர்ந்த நம் சரசுவதி. அங்கேயும் அவர் கையில் வீணை போன்றதொரு நரம்புக் கருவி. அங்கேயும் நீரோடும் இசையோடும் தொடர்புள்ள தெய்வம். 1868இல் மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டபோது, பென்சைதென் கோயிலிலிருந்து தைகன்ஜிக்கு இடம் மாறினார். அந்தத் திருவுருவை ஆண்டில் ஒரு நாள், ஜூன் 17இல் மட்டுமே திறந்து காட்டுகிறார்கள். நாங்கள் மூடிய சன்னதி முன்தான் நின்றோம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருந்த மகள், இது சரசுவதி என்று தெரிந்ததும் மறுபடி ஒரு ஐந்து யென் நாணயம் தேடி எடுத்துப் போட்டாள். பயண நிறுவனத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த இடம் இல்லவே இல்லை. தமிழ்க் குடும்பங்களை அழைத்து வருகிறவர்கள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சரசுவதியைக் காட்டாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மர வேலையில் ஆர்வமுள்ளவர்கள் நடைக்கூடத் தூண்களின் அடியைக் குனிந்து பார்க்க வேண்டும். உப்புநீரும் மரம் துளைக்கும் கடற்புழுவும் அரித்த அடிப்பகுதியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, புது மரத்தில் அதே கனத்துக்குக் கால் செய்து, கழுந்தும் துளையுமாகக் கோத்துப் பொருத்தியிருக்கிறார்கள். ஒட்டுப் போட்ட கோடு கூர்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. கரையான் அரித்த பழைய வீட்டுத் தூண்களை அப்பா இப்படித்தான் ஒட்டுப் போட்டுக் காப்பாற்றுவார். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் அந்த வேலை தெரிந்தவர் அரிது, முழுத் தூணையும் பிடுங்கிவிட்டு சிமென்ட் ஊற்றிவிடுகிறார்கள். 1991 புயலிலும் 2004 புயலிலும் இந்தக் கோயில் பெரும் சேதம் கண்டது. இரண்டு முறையும் விழுந்ததை எடுத்து, பழைய முறையிலேயே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். கோயிலின் ஓரத்தில் கடலுக்குள் நிற்கும், நோ என்ற ஜப்பானிய மரபு நாடகத்துக்கான மேடை 1680இல் கட்டியது. நிலத்தில் உள்ள இத்தகைய மேடைகளில், நடிகர் காலைத் தட்டும்போது ஒலி முழங்குவதற்காகத் தரைக்கடியில் மண் குடங்களை வைப்பார்கள். இங்கே கீழே கடல் என்பதால் குடம் வைக்க வழியில்லை. அதற்குப் பதிலாகத் தரையையே ஒரு மேளத் தோல்போல அதிரும்படி அமைத்திருக்கிறார்கள்.

குன்றின்மேல் இருக்கும் சென்ஜோகாகு மண்டபத்துக்கு 100 யென் கூடுதல். அக்காலத்தில் ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் ஹிதேயோஷி 1587இல் கட்டத் தொடங்கி, 1598இல் அவர் இறந்ததும் அப்படியே நின்றுபோன கட்டடம். மேல் அடைப்புப் போடவில்லை என்பதால் உத்தரங்கள் எல்லாம் வெளியே தெரிகின்றன. அந்தக் கனத்தில் மரம் இனி எங்கே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே அண்ணாந்து நின்றேன். படிகள் செங்குத்து, அம்மா ஏறவில்லை. 535 மீட்டர் உயரமுள்ள மிசென் மலைக்கு கயிற்றுவண்டி போகிறது. அதற்கு எங்களுக்கு நேரமில்லை.

சாப்பாடு விஷயத்தில் சைவர்கள் ஏற்பாட்டோடு போக வேண்டும். ஜப்பானில் சிப்பி வளர்ப்புக்கு ஹிரோஷிமாதான் முதலிடம் என்பதால் தெரு முழுக்கச் சிப்பி சுடுகிறார்கள். நான் சாப்பிட்டேன், எலுமிச்சை பிழிந்து சுடச்சுடத் தந்தார்கள், மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் காய்கறிக் குழம்பு என்று சொல்வதிலும் மீன் சாறு சேர்ந்திருக்கும். மேப்பிள் இலை வடிவில் இனிப்புப் பயறு வைத்துச் செய்யும் மொமிஜி மஞ்சுவில் முட்டை உண்டு. பௌர்ணமி விரதத்தில் இருந்த அம்மாவுக்கு விடுதியில் வெறும் சோறு கேட்டு வாங்கி, நாங்கள் கொண்டுபோன பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் பிசைந்து கொடுத்தோம். அந்தச் சோற்றின் பதத்தை அவர் ஊருக்கு வந்த பிறகும் பாராட்டிக்கொண்டிருக்கிறார். மான்கள் தெருவில் சுதந்திரமாகத் திரிகின்றன. அவற்றுக்குத் தீனி போடக்கூடாது. காகிதத்தையும் துணியையும் இழுத்துத் தின்றுவிடும்; மஞ்சப்பையின் காதை ஒரு மான் கவ்வியதை மனைவி பார்த்ததால் அம்மாவின் செருப்பு தப்பியது. பயணச்சீட்டை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டாம்.

தீவுக்கு வர 2023 அக்டோபர் முதல் தலைக்கு 100 யென் நுழைவு வரி உண்டு. படகுக் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். படகில் பத்து நிமிடம்தான். எதிர்க்கரையிலிருந்து புறப்படும் ரயில்வே நிறுவனத்தின் படகுகளில் காலை 9:10 முதல் மாலை 4:10 வரை போகிறவை தோரிக்கு அருகாகச் சுற்றிச் செல்கின்றன, வலப்பக்கம் நின்றுகொள்ளுங்கள்.

கோயிலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை முழுதும் அழைத்துப் போன சேவையின் மேல்தான். ஊர் திரும்பியதும் அவர்களிடம் நேரில் போய்க் கேட்டேன். “எல்லாரையும் அந்த நேரத்துக்குத்தானுங்க கூட்டிட்டுப் போறோம், இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க” என்றார்கள். சொல்லாமல் திரும்பியவர்கள் கடல் வற்றிய கோயிலைப் பார்த்துவிட்டு, இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். பலருக்கு அது வாழ்நாளில் ஒரே வெளிநாட்டுப் பயணம். ஹிரோஷிமா நகரைப் பிற்பகலிலும் தீவை மறுநாள் காலையிலும் வைத்திருந்தால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகாது. அல்லது குழு புறப்படும் நாளைத் திதி பார்த்து ஏழெட்டு நாள் தள்ளினால் போதும். சப்தமி, அஷ்டமி வாக்கில் நிறைகிற நேரம் பிற்பகலுக்கு வந்துவிடும், ஏற்றம் மட்டும் சற்றுக் குறைவாக இருக்கும். ஓத அட்டவணை ஆண்டு முழுமைக்கும் முன்கூட்டியே வெளியாகிறது.

இவ்வளவையும் தாளில் எழுதி, சித்திரை முதல் பங்குனி வரை ஒவ்வொரு பௌர்ணமி, அமாவாசைக்கும் எதிரே தண்ணீர் நிறையும் மணியைக் குறித்து அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஐப்பசியில் அடுத்த குழு போவதாகக் கேள்வி. நேரத்தை மாற்றினார்களா என்று இன்னும் சொல்லவில்லை.